மேடவாக்கம் மேல்மாடி ஷவர்: அடைப்பு எங்கே இருந்தது

இடம் மேடவாக்கம். மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் என் அக்கா வீடு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், அதாவது போர் தண்ணீர்தான். கோடையில் போர் இறங்கிவிட்டால் லாரி வரும், இரண்டும் ஒரே சம்ப்பில் கலந்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும். குளியலறையில் ஆறு அங்குல வட்ட ஷவர், முகத்தில் ரப்பர் முனைகள், உடம்பு பித்தளையில் குரோம் பூச்சு. கீழே சுவரில் சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் வால் மிக்ஸர், மேலே 15 லிட்டர் கீசர். சென்னையின் தெற்குப் பக்கத்து ஃபிளாட்டுகளில் பாதிக்கு மேல் இதே ஏற்பாடுதான் இருக்கும், அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புகார் என்னவென்றால், ஷவரைத் திறந்தால் பாதி முனைகளில் தண்ணீரே இல்லை. வருகிற முனைகளிலும் சில சுவரைப் பார்த்து அடிக்கின்றன, சில சொட்டுகின்றன. அக்கா சும்மா இருக்கவில்லை. பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றி, ஷவர் முகம் மூழ்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ராத்திரி முழுக்க விட்டுவிடுவது என்ற வழக்கமான வைத்தியத்தைப் பலமுறை செய்திருக்கிறார். செய்த மறுநாள் நன்றாக வரும். இரண்டு மூன்று வாரத்தில் பழைய கதைதான். கடைசியில் வந்து பார்த்த பிளம்பர், ஷவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "மேல்மாடி இல்லையா, பிரஷர் இல்ல, பம்ப் வெச்சிடுங்க" என்று 14,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"பம்ப் வெச்சா சரியாயிடுமா மாப்ள?" என்று மாமா கேட்டார்.

"முதல்ல ஒரு பக்கெட் குடுங்க மாமா, அப்புறம் சொல்றேன்" என்றேன்.

பிளம்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுக்க முடியாது. மோட்டார் இல்லாமல் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு உயரம்தான் அழுத்தம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். இந்த வீட்டில் தொட்டி மாடிப்படிக் கூரையின் மேல் இருக்கிறது, ஷவர் தலையிலிருந்து தொட்டியின் நீர்மட்டம் வரை அளந்தால் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக 0.4 பார், அவ்வளவுதான். கடையில் அழகாகத் தொங்கும் பெரிய ரெயின் ஷவர்கள் பலவற்றுக்கு இது போதவே போதாது, கீழ்வீட்டுக்காரருக்கு அருவி மாதிரி கொட்டும் அதே ஷவர் மேல்வீட்டில் அழும். ஆனால் அழுத்தம் குறைவு என்பது முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டிய குறை. குடிவந்தபோது நன்றாக வந்த ஷவர் வரவர மோசமாகிறது என்றால் தொட்டி கீழே இறங்கிவிடவில்லை, வழியில் எங்கோ ஏதோ அடைக்கிறது. இதைச் சொல்ல ஞானம் எதுவும் தேவையில்லை, ஆனாலும் பம்ப் விற்கும் அவசரத்தில் பலர் இதை யோசிப்பதில்லை.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க 10 லிட்டர் பக்கெட்டும் கைபேசியில் ஸ்டாப்வாட்சும் போதும். முதலில் மிக்ஸரின் கீழ்க்குழாயில் பச்சைத் தண்ணீர்: பக்கெட் நிறைய 50 வினாடிகூட ஆகவில்லை. அதே தண்ணீர் ஷவர் வழியாக: கிட்டத்தட்ட 4 நிமிடம். பிறகு ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, வெறும் ஷவர் கையிலிருந்து, அதாவது சுவரிலிருந்து நீளும் குழாயிலிருந்து பிடித்தேன்: ஒரு நிமிடம் சொச்சம். இதுவரை பார்த்தால் குற்றவாளி ஷவர் தலைதான், வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சுடுதண்ணீர்ப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தலையில்லாத அதே கையில் சுடுதண்ணீரை மட்டும் திறந்தபோது பக்கெட் நிறைய இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. அப்படியென்றால் அடைப்பு இரண்டு இடத்தில். ஒன்று ஷவர் தலையில், இன்னொன்று கீசருக்கும் மிக்ஸருக்கும் நடுவில். வீட்டில் யாரும் இதைக் கவனிக்காததற்குக் காரணம் எளிது, சுடுதண்ணீரை யாரும் தனியாகத் திறப்பதில்லை, பச்சைத் தண்ணீரோடு கலந்தே வருவதால் குறை தெரியாது.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. தலையைத் திருகும்போது ஷவர் கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கை சுவருக்குள் திரும்பி உள்ளே மரை உடைந்தால் டைல்ஸ் உடைக்க வேண்டியதுதான், அதற்கப்புறம் பம்ப் விலையே தேவலை என்று ஆகிவிடும். ஸ்பேனர் பல் படும் இடத்தில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டால் குரோம் கீறாது. தரையில் தண்ணீர் போகும் ஓட்டையை ஒரு துணி போட்டு மூடிவிடுங்கள், சின்ன வாஷர்கள் அங்கேதான் போய் விழும்.

உள்ளே என்ன இருந்தது

ஷவர் தலை கையோடு சேரும் இடத்தில் ஒரு உருண்டை மூட்டு இருக்கும், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்புவதற்காக. அதன் நட்டுக்குள் ஒரு ரப்பர் வாஷர், அதோடு ஒட்டி ஒரு சின்னச் சல்லடை. வினிகர் பை இதைத் தொட்டதே இல்லை, தொடவும் முடியாது, ஏனென்றால் பை நனைப்பது முகத்தை மட்டும், சல்லடை இருப்பது முதுகில். ஈர்க்குச்சியால் சல்லடையில் இருந்ததையெல்லாம் கிளறி ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டினேன். அக்கா ஒரு முறை பார்த்துவிட்டு, "இதுலயா இவ்ளோ நாளா தலைக்குக் குளிச்சோம்?" என்றார்.

தட்டில் இருந்தவற்றை வகை பிரித்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். கொஞ்சம் மணல், அது போர் தண்ணீரிலிருந்து. வெள்ளை நூல் துணுக்குகள், அது யாரோ கசிவைத் தடுக்கும் டெஃப்ளான் டேப்பை மரையின் நுனி வரை சுற்றியதால் பிய்ந்து உள்ளே போனது. வெளிர்மஞ்சள் சீவல், சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப்பை அறுத்துவிட்டு உள்ளே துடைக்காமல் ஒட்டியதன் மிச்சம், கட்டடம் கட்டிய காலத்திலிருந்து பயணம் செய்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. கருப்புத் துகள்கள், விரலில் நசுக்கினால் மை மாதிரி ஒட்டின, எங்கோ ஒரு ரப்பர் வாஷர் மக்கிப்போயிருக்கிறது. இவையெல்லாம் சேர்த்தும் கால்வாசிதான். மீதி முழுவதும் வெள்ளைச் செதில்கள்.

அந்தச் செதில்களைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். முட்டை ஓடு கனம்தான் இருக்கும், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு, எல்லாமே ஒரே மாதிரி வளைந்திருந்தன. இந்த வளைவுதான் முக்கியம். ஷவர் முகத்தில் படிகிற உப்பு தட்டையாக, பொடியாகப் படியும். வளைந்த செதில் வந்தால் அது ஏதோ ஒரு உருளையின் மேல் படிந்து உரிந்திருக்க வேண்டும், இந்த வீட்டில் சூடாகிக் குளிர்கிற உருளை ஒன்றுதான், கீசருக்குள் இருக்கும் ஹீட்டிங் எலிமெண்ட். சூடாகும்போது அது விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது, மேலே ஒட்டியிருக்கும் படிவு அதோடு ஈடுகொடுக்க முடியாமல் உரிந்து தண்ணீரோடு கிளம்பிவிடுகிறது.

செதில் ஒன்றின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் பொங்கி நுரைத்தது. கால்சியம் கார்பனேட் என்பதற்கு வீட்டில் செய்யக்கூடிய சுலபமான சோதனை இது. மணலோ ரப்பரோ நுரைக்காது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. மாமாவிடம் டிடிஎஸ் மீட்டர் இருந்தது, அது 1400 காட்டியது, உடனே அதைப் பார்த்து எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆனால் அந்த மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை, அதை வைத்து மொத்த உப்பைக் கணிக்கிறது. சாதா சமையல் உப்பு கரைந்திருந்தாலும் எண் ஏறும், ஆனால் சமையல் உப்பு ஷவரை அடைக்காது. அடைப்பது கால்சியமும் மெக்னீசியமும். அதற்குக் கடினத்தன்மையைத் தனியாகப் பார்க்க வேண்டும், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கொடுத்துப் பார்க்கலாம், அவ்வளவு பொறுமை இல்லையென்றால் மீன் தொட்டிக் கடையில் சொட்டு மருந்து மாதிரி ஒரு சோதனைப் பெட்டி கிடைக்கும், நிறம் மாறும் வரை சொட்டுகளை எண்ண வேண்டும். இந்த வீட்டுத் தண்ணீர் நிறம் மாற 27 சொட்டு கேட்டது. ஒரு சொட்டுக்கு 17.8 என்று பெருக்கினால் லிட்டருக்கு 480 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 ஏற்கத்தக்கது என்று சொல்வது 200, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. அதே பெட்டியில் இருந்த இன்னொரு குப்பி, பைகார்பனேட்டைப் பார்ப்பது, 17 சொட்டில் மாறியது, அதாவது சுமார் 300. பள்ளியில் படித்த தற்காலிகக் கடினத்தன்மை இதுதான். சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் கரையாத கார்பனேட்டாகப் படியும். நாலு பேர் குளிக்க ஒரு நாளைக்கு நூறு லிட்டர் கீசர் வழியாகப் போகிறது என்று வைத்தால், நாளொன்றுக்கு 30 கிராம் படியத் தயாராக வந்து போகிறது. எல்லாம் படிவதில்லை, சின்னப் பங்குதான் படிகிறது, ஆனால் மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு நெருக்கமாகக் கடந்து போகும்போது சின்னப் பங்கே போதும்.

சுத்தம் செய்தது

வினிகர் தப்பான மருந்து இல்லை, அளவுதான் பிரச்சினை. கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் அசெட்டிக் அமிலம் 4 சதவீதம் அளவில்தான் இருக்கும். 10 கிராம் சுண்ணாம்புப் படிவைக் கரைக்க அதில் 300 மில்லி வேண்டும், இது வேதியியல் கணக்கு, கூட்டவும் குறைக்கவும் முடியாது. பையில் ஒரு டம்ளர் ஊற்றிக் கட்டினால் பாதியிலேயே அமிலம் தீர்ந்து, மீதி ராத்திரி முழுக்க வெறும் தண்ணீர்தான் ஊறிக்கொண்டிருக்கும். எலுமிச்சையைப் பிழிந்தே செய்கிறேன் என்பவர்களுக்கு, அதே வேலைக்கு ஒரு டஜன் பழமாவது ஆகும், ஊறுகாய் போடலாம். வினிகரோடு சமையல் சோடாவையும் கலக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. நுரை நன்றாக வரும், ஆனால் அந்த நுரை அமிலத்தைச் சோடா தின்றுவிட்டதன் அடையாளம், படிவுக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

நான் எடுத்துக்கொண்டது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலத் தூள், மளிகைக் கடையில் பாக்கெட்டில் கிடைக்கும். 10 கிராம் படிவுக்கு 13 கிராம் போதும், நாற்றமும் இல்லை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் கரைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் ஷவர் தலையை முழுசாக, முதுகு மேலே இருக்கும்படி மூழ்க வைத்தேன். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், சூடு அதிகமானால் கால்சியம் சிட்ரேட் கரைவது குறையும், புதிதாக ஒரு வெள்ளைப் பொடி படிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் நுரை அடங்கியது. நடுவில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் குரோம் பூச்சில் விரிசல் இருந்தால் அமிலம் பித்தளையைத் தின்ன ஆரம்பிக்கும், கரைசலில் இளம்பச்சையோ நீலமோ தெரிந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். தங்க நிறம், கருப்பு நிறம் பூசிய ஷவர்களை இந்தக் கரைசலில் போடவே வேண்டாம் என்பது என் கருத்து, அவற்றைச் சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எடுத்ததும் ரப்பர் முனைகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அமுக்கித் தேய்த்தால் உள்ளே இளகியிருந்தது பிதுங்கி வந்துவிடும். பிடிவாதம் பிடித்த சிலவற்றுக்கு ஈர்க்குச்சி. ஊசி, சேஃப்டி பின் வேண்டாம், ரப்பர் கிழிந்தால் அந்த முனை காலத்துக்கும் கோணலாகத்தான் அடிக்கும். பிறகு தலையைக் கவிழ்த்து, முகத்துப் பக்கத்திலிருந்து தண்ணீரைப் பாய்ச்சி முதுகு வழியாக வெளியேற்றினேன். வந்த பக்கமே திருப்பி அனுப்பினால்தான் செதில் வெளியே போகும்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஷவருக்குப் போடலாமா என்று மாமா கேட்டார். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், படிவை ஒரு நிமிடத்தில் கரைத்துவிடும், அதோடு குரோமையும். அதைவிட மோசம், அதே பாத்ரூமில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும், கதவு சாத்திய சின்ன அறையில் அது விளையாட்டில்லை.

இனி சுடுதண்ணீர்ப் பக்கம். கீசருக்கு மின்சாரம் போகும் எம்சிபி சுவிட்சை அணைத்து, தண்ணீர் ஆறட்டும் என்று விட்டு, கீசருக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் காக் குழாயை மூடினேன். மிக்ஸரைச் சுவரோடு இணைக்கும் இரண்டு லெக்கிலும், அதாவது இணைப்புக் கால்களிலும், ஒரு சல்லடை வாஷர் இருந்தது. பச்சைத் தண்ணீர்ப் பக்கம் சுத்தம். சுடுதண்ணீர்ப் பக்கம் அதே வளைந்த செதில்கள் அப்பிக்கொண்டு, நடுவில் பென்சில் முனை நுழையும் அளவு ஓட்டைதான் மிச்சம். கீசரிலிருந்து வரும் கனெக்‌ஷன் பைப்பின் வாஷரும் ஊதிப்போய் மக்கியிருந்தது, தட்டில் பார்த்த கருப்புத் துகளின் சொந்தக்காரர் அவர்தான். சல்லடையை ஊற வைத்தேன், வாஷரையும் பைப்பையும் மாற்றினேன். கீசரைத் திறந்து எலிமெண்ட்டில் இருக்கும் படிவை எடுப்பது வீட்டு வேலை இல்லை, மின்சாரமும் தண்ணீரும் சேரும் இடம், அதற்கு மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கீசரை மறுபடி இணைத்ததும் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, காற்று போய்த் தண்ணீர் சீராக வந்தபிறகுதான் சுவிட்ச் போட வேண்டும். காலித் தொட்டியில் சுவிட்ச் போட்டால் எலிமெண்ட் எரிந்துவிடும்.

மாட்டும்போது ஷவர் நட்டில் ரப்பர் வாஷர் நன்றாக இருந்தால் டெஃப்ளான் டேப்புக்கு அதிக வேலை இல்லை. சுற்றினாலும் மரை உங்களைப் பார்த்து இருக்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில், முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். ஸ்பேனரால் முறுக்கவே வேண்டாம், கையிறுக்கம் போதும், கசிந்தால் கால் சுற்று.

முடிவு: ஷவர் வழியாகப் பச்சைத் தண்ணீர் 10 லிட்டர் 1 நிமிடம் 40 வினாடியில் நிறைந்தது, சுடுதண்ணீர் அதைவிடப் பத்து வினாடி கூடுதல். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் என்பது ஆடம்பரம் இல்லை, ஆனால் 0.4 பாரில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது, குளிக்கத் தாராளம். பம்ப் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றால், செதில்கள் இன்னும் வேகமாக வந்து இன்னும் இறுக்கமாக அடைத்திருக்கும்.

இனிமேல் பார்த்துக்கொள்வது

குளித்து முடித்ததும் ஈரக் கையால் ஷவர் முகத்தை ஒரு தடவை தடவிவிட்டால் போதும், முனையில் தொங்கும் சொட்டு காய்ந்துதான் உப்பாகிறது. சல்லடையை மாதம் ஒருமுறை, முழு ஊறல் மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை. ரொம்ப முக்கியமானது, யாரும் செய்யாதது: தொட்டி கழுவிய அன்றும், மோட்டார் வேலை நடந்த அன்றும், போர் தண்ணீரிலிருந்து லாரித் தண்ணீருக்கு மாறிய அன்றும், ஷவரைத் திறப்பதற்கு முன்னால் கீழ்க்குழாயை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள், முடிந்தால் ஷவர் தலையைக் கழற்றிவிட்டு அந்தக் கையையும் ஓடவிடுங்கள். அடியில் படிந்த வண்டல் எல்லாம் கலங்கி இறங்கும் நேரம் அதுதான்.

கீசர் சூட்டைக் கடைசி வரை திருகி வைத்திருந்தார்கள், அதை 50க்கும் 55க்கும் நடுவில் குறைத்தேன், படிவது குறையும். இதில் ஒரு முரண் உண்டு. சுடுதண்ணீரை 60 டிகிரிக்குக் குறையாமல் வைக்கச் சொல்வார்கள், ஏனென்றால் நிமோனியா வரவைக்கும் லெஜியோனெல்லா கிருமி 25 முதல் 45 டிகிரிக்குள் நன்றாக வளரும். மே மாதச் சென்னையில் மொட்டைமாடித் தொட்டியே அந்த அளவில்தான் இருக்கிறது. ஷவர் தலைக்குள் இருக்கும் வழவழப்பும் வெறும் அழுக்கு இல்லை. 2009இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நகரங்களின் ஷவர்களைச் சோதித்து, நுரையீரலைத் தாக்கக்கூடிய ஒருவகை மைக்கோபாக்டீரியா குழாய்த் தண்ணீரில் இருப்பதைவிட ஷவர் உட்புறப் படலத்தில் பலமடங்கு செறிந்திருப்பதைக் கண்டார்கள். நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அக்கா வீட்டில் ஆஸ்துமா உள்ள மாமியார் இருக்கிறார், அதனால் வாரம் ஒருமுறை கீசரை முழுச் சூட்டில் வைத்து, ஆள் உள்ளே நிற்காமல் ஷவரைச் சில நிமிடம் ஓடவிடச் சொல்லியிருக்கிறேன். ஊருக்குப் போய்ப் பூட்டிக்கிடந்த வீட்டுக்குத் திரும்பினாலும் இதேதான்.

அடுத்து வந்த கேள்வி, "ஷவர்ல மாட்டற ஃபில்டர் வாங்கிடலாமா?" கைக்குள் அடங்கும் அந்தக் குப்பி மணலைப் பிடிக்கும், குளோரினைக் கொஞ்சம் குறைக்கும், 480 கடினத்தன்மையை அசைக்கக்கூட முடியாது. பைப்பின் மேல் கட்டும் காந்தத்தை நம்பிக் காசு போடவும் நான் சொல்லமாட்டேன். உண்மையில் கடினத்தன்மையை எடுப்பது ரெசின் நிரப்பிய சாஃப்ட்னர்தான், அது கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும், அவ்வப்போது உப்புக் கரைசல் ஊற்றி ரெசினைப் புதுப்பிக்க வேண்டும், அந்தக் கழிவு நீர் செடிக்கு ஆகாது, டிடிஎஸ் எண்ணும் குறையாது. தனி வீட்டுக்கு வைப்பதைவிடக் கட்டடம் முழுவதற்கும் சம்ப்பிலிருந்து ஏறும் பைப்பில் ஒன்று வைத்தால் ஆறு வீட்டுக் கீசரும் பிழைக்கும். மாமா அதை அசோசியேஷன் கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். தரைத்தளத்து வீட்டுக்காரர் எங்கள் ஷவர் நன்றாகத்தான் வருகிறது, நாங்கள் எதற்குக் காசு தர வேண்டும் என்று இப்போதே கேட்டுவிட்டாராம், அவர் வீட்டுச் சுடுதண்ணீரைத் தனியாக ஒரு பக்கெட் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.